பழைய பேட்டரியை அவசரப்பட்டு வண்டியில் ஏற்ற விடாதீர்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் இன்வெர்ட்டர் கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த எங்கள் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். மழைக்கு முன்பே பேட்டரியை மாற்றிவிடலாம் என்று, ஏரியாவில் நல்ல பெயருள்ள ஒரு கடையில் 150 ஏ.எச். (ஆம்பியர் அவர்) டியூபுலர் பேட்டரி சொன்னோம். வந்து சேர்ந்தது எங்கோ ஓடித் தேய்ந்த பேட்டரி. ஸ்டிக்கர் மட்டும்தான் புதுசு.

குட்டியானையில் வந்த பையன்கள் மளமளவென்று பழையதைக் கழற்றி, இதை மாட்டி, பழையதோடு கிளம்பிவிட்டார்கள். கையில் கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று போட்ட சீட்டு. பில்லும் வாரண்டி கார்டும் கேட்டதற்கு, “ஓனர் சீல் போட்டு அனுப்புவார் சார்” என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் 1800 வாட் அவர். இன்வெர்ட்டர் தின்றது போக 1400 தேறும். பழைய மாடல் ஃபேன் ஒன்றுக்கு 75 வாட். மூன்று ஃபேன், நாலைந்து எல்.இ.டி. விளக்கு, வைஃபை எல்லாம் சேர்த்து 275 வாட் ஓடினாலும் ஐந்து மணி நேரம் வர வேண்டும். மின்வாரியம் பராமரிப்புக்கென்று காலை 9 முதல் 2 மணி வரை நிறுத்துவதைச் சமாளித்துவிடலாம். எங்கள் வீட்டில் அரை மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. கடையில் கேட்டால், “புது பேட்டரி செட் ஆகணும் சார்.” அதில் ஓரளவு உண்மை உண்டு. அதற்காக அரை மணி ஐந்து மணியாகிவிடாது.

தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். டெர்மினலில் அப்பியிருந்த வாசலினைத் துடைத்ததும், ஈயத்தில் கிளாம்ப் கடித்த பழைய தடமும் ஸ்பேனர் கீறலும் தெரிந்தன. பக்கவாட்டு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினால், அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் பசை. முழு சார்ஜில், பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.220க்குக் குறையாமல் காட்ட வேண்டும். ஒரு செல்லில் 1.150கூட இல்லை. மேலே பொறித்திருந்த சீரியல் நம்பரைக் கம்பெனிக்குச் சொன்னோம். அது எப்போதோ வேறொருவர் பெயரில் பதிவான நம்பர்!

பழைய பேட்டரி நம் வீட்டில் இருக்கும்வரைதான் பிடி நம் கையில். அதிலிருக்கும் ஈயத்துக்கே நல்ல விலை உண்டு, கடைக்காரர் அதை விட்டுவிட்டுப் போக மாட்டார். அதை ஏற்றுவதற்கு முன், புது பேட்டரியில் பொறித்த சீரியல் நம்பர் பில்லிலும் கார்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி வாசலில் நிற்கும்போதே கம்பெனியில் பதிவு செய்யுங்கள்; பழைய நம்பர் என்றால் அங்கேயே குட்டு உடைந்துவிடும். அப்புறம், ‘60 மாத வாரண்டி’ என்றால் முழுவதும் இலவச மாற்று என்று நினைக்காதீர்கள். 36+24 என்பதுபோல் பிரித்திருப்பார்கள். பின்பகுதியில் புதிய பேட்டரிக்குத் தள்ளுபடி மட்டும்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்தாயிற்று. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. ஜிபேயில் பணம் போட்ட விவரம், வாட்ஸ்அப்பில் பேசியது, அந்தச் சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. “வேற பேட்டரி தர்றேன், புகாரை வாபஸ் வாங்குங்க” என்று கடைக்காரர் இப்போது தினமும் போன் செய்கிறார். முதலில் ஜி.எஸ்.டி. பில்லோடு வரச் சொல்லியிருக்கிறேன்.