8×42 பைனாகுலர்: தேரூர்க் குளத்தில் எல்லாப் பருவமும் பார்த்தபின்

பைனாகுலர் வாங்க நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை மடங்கு பெருசா காட்டும்?" என்றுதான். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளத்தங்கரையில் நின்று பறவை பார்க்கிறவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு. காற்றில் கை நடுங்கினாலும் உருவம் தெரியுமா? மழை தாங்குமா? கண்ணாடி போட்டபடி பார்க்க முடியுமா?

நான் பயன்படுத்துவது 8×42. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம். விலை 11,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இதே அளவில் பல கம்பெனிகள் விற்பதால் நான் அளவையும் அமைப்பையும் பற்றி மட்டும் சொல்கிறேன். காலையில் வேலைக்குப் போகும் முன் தேரூர்க் குளம், ஞாயிறானால் சுசீந்திரம், மணக்குடி என்று எல்லாப் பருவத்திலும் இதோடுதான் சுற்றுகிறேன்.

முதலில் காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்றுதான் தேரூர்க் கரையிலும் அடிக்கிறது. நண்பரின் 10×42-ஐ அந்தக் காற்றில் பிடித்துப் பார்த்தேன். தாமரை இலைமேல் நின்ற நீளவால் இலைக்கோழி துள்ளிக்கொண்டே இருந்தது. பறவையைப் பெரிதாக்கும்போது கை நடுக்கத்தையும் சேர்த்துத்தானே அது பெரிதாக்கும்? எட்டு மடங்கில் அந்த அவஸ்தை குறைவு. பைக் சீட்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் இன்னும் நன்றாக நிற்கும். இந்த மாதங்களில்தான் இலைக்கோழிக்கு நீண்ட வால் இருக்கும், பிடரியில் பொன் நிறம் இருக்கும். ஆண்தான் அடைகாக்கும், குஞ்சுகளையும் அதுவே வளர்க்கும். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். ஒரு தகப்பன் இலைக்கோழி குஞ்சுகளை இலைக்கு இலை கூட்டிப்போவதைக் கை வலிக்காமல் நெடுநேரம் பார்க்க முடிந்தது. எனக்கு இந்தப் பைனாகுலர் கொடுத்த மிகப் பெரிய சந்தோஷம் அதுதான்.

கன்னிப்பூ என்ற முதல் போக நெல் அறுவடை முடிந்து, கும்பப்பூ என்ற அடுத்த போகத்துக்குத் தொழி அடிக்கும்போது (சேற்றுழவு செய்யும்போது) வயல்தான் பார்க்க வேண்டிய இடம். டிராக்டர் பின்னாலேயே உண்ணிக்கொக்கும் மடையானும் நடக்கும், நத்தைகுத்தி நாரை நத்தை பொறுக்கும். நாரைகளுக்குப் பைனாகுலரே வேண்டாம், வெறும் கண்ணே போதும். சேற்றோடு சேறாக நிற்கும் பொறி உள்ளானுக்குத்தான் இது வேண்டும். எட்டு மடங்கில் பார்வைப்பரப்பு அகலம் என்பதால் வரப்பில் இருந்து எழும்பிப் பறக்கும் உள்ளானை உடனே பிடித்துவிடலாம். அதன் முதுகுப் புள்ளிகளும் வெள்ளைப் புருவமும் தெளிவாகத் தெரிந்தன.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை தாங்காத பைனாகுலரை இங்கே வாங்குவது காசைக் குளத்தில் போடுவதுதான். உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பி அடைத்தது என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள். அப்படி அடைத்ததில் உள்பக்கம் ஆவி படியாது. வெளிக் கண்ணாடியில் ஆவி படியத்தான் செய்யும், துடைத்துக்கொள்ள வேண்டும். என்னுடையது நல்ல மழையில் நனைந்தும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லென்ஸ் மூடிகள் தளர்வு, அடிக்கடி கழன்று விழுகின்றன. கழுத்துப் பட்டையும் குறுகல், ஒரு மணி நேரத்தில் கழுத்தை அறுக்கிறது. பட்டையை மாற்றிவிட்டேன்.

மார்கழி, தை விடியலில்தான் 42 என்ற எண்ணின் மதிப்பு தெரியும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். 10×42-ல் அது 4.2 தான், மங்கல் வெளிச்சத்தில் அத்தனை பளிச்சென்று தெரியாது. மருந்துவாழ்மலைப் பக்கம் லேசாக வெளுக்கும்போதே எனக்கு நீலச்சிறகி வாத்தில் ஆண் எது, பெண் எது என்று தெரிந்துவிடுகிறது. ஐப்பசியில் வந்து இறங்கும்போது ஆணும் பெண் மாதிரியேதான் இருக்கும். குளிர்காலம் போகப் போகத்தான் ஆணின் கண்ணுக்கு மேல் அந்த வெள்ளைப் பிறை தெளியும். ஒரே குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்குத்தான் இந்த மாற்றம் கண்ணில் படும். மீசை ஆலாவும் அப்படியே. குளிர்காலத்தில் வெளிறிக் கிடப்பது, பங்குனி சித்திரையில் திரும்பிப் போகும் முன் வயிறு கறுத்து, கறுப்புத் தொப்பி போட்டு வேறு பறவையாகிவிடும்.

மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் பொழிமுகத்தில் ஒருநாள் வலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "மக்கா, அந்தக் குழாய இங்க தா, பாப்பம்" என்றார். "பாருங்க பாட்டா" என்று கொடுத்தேன். தூரத்துக் கம்பத்தில் விரால் அடிப்பான் பருந்து ஒன்று மீனோடு உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் பார்த்துவிட்டு, "மடவைல்லா தூக்கிட்டு இருக்கு" என்றார். அவ்வளவு தூரத்தில் மீனின் இனம் தெரியும் அளவுக்குத் துல்லியம் இருக்கிறது. ஆனால் புத்தளம் உப்பளத்தின் அந்தக் கோடியில் ஓடும் கொசு உள்ளான்களுக்கும், கோடை வெயிலில் கானல் அலையும் நேரத்துக்கும் இது போதாது. முதல் காரியத்துக்கு முக்காலியில் வைக்கும் பெரிய தொலைநோக்கி, அதாவது ஸ்பாட்டிங் ஸ்கோப் வேண்டும். கானலுக்கு எந்த லென்ஸும் மருந்தில்லை, ஒன்பது மணிக்குள் பார்த்து முடிக்க வேண்டியதுதான்.

மணக்குடிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று. கடல்காற்றில் லென்ஸில் உப்பு படியும். அதை அப்படியே துணியால் தேய்த்தால் பூச்சு கீறிவிடும். தண்ணீர் புகாத வகையானால் நல்ல தண்ணீரில் அலசி, அப்புறம் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் வையுங்கள். ஈரமான தோல் உறையில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபின் புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் நிறையப் பேர் என்னிடம் எதை வாங்குவது என்று கேட்கிறார்கள். 8×42, நைட்ரஜன் அடைத்தது, இதையே சொல்கிறேன். கண்ணாடி போடுகிறவர்கள், கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடைவெளி 16 மில்லிமீட்டராவது உள்ளதைக் கேளுங்கள். கடைக்குள் பார்த்து முடிவு செய்யாமல் வாசலுக்குக் கொண்டுவந்து, எதிர் வரிசைக் கடைசிக் கடையின் போர்டில் இருக்கும் சிறிய எழுத்தை வாசித்துப் பாருங்கள். வட்டத்தின் ஓரம் கறுத்துத் தெரிந்தால் வேறு மாடல் காட்டச் சொல்லுங்கள்.