ஆறு வாரப் பயிற்சி: பின்பாதிக்காகச் சேரலாம்

இணையவழிப் பயிற்சி ஒன்றைப் போன வாரம்தான் முடித்தேன். முன்பாதி, இருக்கிற வேலையை நமக்கு ஏற்றபடி மாற்றி அமைத்துக்கொள்வது பற்றி. பின்பாதி, வேலை நேரம் முடிந்ததும் மனதையும் அதிலிருந்து எடுத்துவிடுவது பற்றி. பணம் கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்குச் சொல்கிறேன், பின்பாதிக்காகக் கட்டலாம்.

அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். கணினியை மூடிவிடுவேன், ஆனால் சாப்பிடும்போதும் பிள்ளை ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதும் பாதியில் விட்ட அறிக்கை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு இதுவரை கேட்ட யோசனையெல்லாம் நடந்துவிட்டு வா, போனைத் தூர வை என்று மாலைக்கானவை. இந்தப் பயிற்சி வேலை நாளின் கடைசிப் பதினைந்து நிமிடத்தைப் பிடித்துக்கொள்கிறது. முடியாத வேலை ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, அடுத்த முதல் காரியம் என்ன, அதை நாளை எத்தனை மணிக்குச் செய்யப்போகிறேன் என்று கையால் எழுத வேண்டும். 'அறிக்கையை முடிக்க வேண்டும்' என்று எழுதினால் பயிற்றுநர் திருப்பி அனுப்பிவிடுவார்; 'காலை 9.30, மூன்றாம் பட்டியலில் விடுபட்ட எண்களைக் கேட்டு மின்னஞ்சல்' என்ற அளவுக்கு இருக்க வேண்டும். முடியாத காரியம் மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை முடிக்காவிட்டாலும் எப்படி முடிப்போம் என்று திட்டமாக வகுத்துவிட்டாலே அந்த அரிப்பு குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011-ல் ஆய்வில் காட்டினார்கள். எனக்கு இரண்டாம் வாரமே வித்தியாசம் தெரிந்தது.

அப்புறம், வேலைக்குப் பிந்தைய ஓய்வு பற்றி சபீனே சோனன்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் என்ற உளவியலாளர்கள் 2007-ல் வெளியிட்ட 16 கேள்விகளையும் நிரப்பச் சொல்கிறார்கள். மனம் வேலையிலிருந்து விலகுவது, உடம்பும் மனமும் தளர்வது, புதிதாக ஒன்றில் தேறுவது, நம் நேரம் நம் கையில் இருப்பது என்று நான்கையும் தனித்தனியாக அளக்கும் கேள்விகள். எனக்குத் தளர்வு நன்றாக இருந்தது, விலகல் அடிமட்டம். சாய்ந்து கிடப்பதையே ஓய்வு என்று இத்தனை நாள் நம்பியிருக்கிறேன்.

முன்பாதியில்தான் எனக்கு வருத்தம். ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற ஆய்வாளர்கள் 2001-ல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்திருக்கிறார்கள்: செய்யும் காரியங்களை மாற்றலாம், பழகும் ஆட்களை மாற்றலாம், வேலையைப் பார்க்கும் பார்வையை மாற்றலாம். எனக்கு உதவியது, உண்மை. எழுத்து வேலையைக் காலைக்கு நகர்த்தினேன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆனால் எங்கள் பயிற்சிக் குழுவில் அழைப்பு மையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் இருந்தார், ஒவ்வொரு அழைப்புக்கும் நிமிடக் கணக்கு, பேச வேண்டிய வாசகம்கூட முன்பே எழுதிக்கொடுத்தது. அவருக்குக் கிடைத்த பதில், பார்வையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பது மட்டும்தான். அந்தக் கட்டுரையில் வரும் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் நோயாளிகளோடு பேசினார்கள், சொல்லாத உதவிகளையும் செய்தார்கள். அதற்கு அவர்களுக்குக் கொஞ்சமாவது இடம் இருந்தது. இடமே இல்லாதவரிடம் பார்வையை மாற்றச் சொல்வது நியாயமில்லை.

இரவில் மேலாளர் அனுப்பும் செய்தியையும் நம் சுயக்கட்டுப்பாட்டுப் பிரச்சினையாகவே பேசுகிறார்கள். வேலை நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பற்றி பிரான்சில் 2017 முதல் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தொழிலாளர் தரப்போடு பேசியாக வேண்டும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இதற்கான உரிமை நடைமுறைக்கு வந்தது. ஆறு வாரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, குழுவாக உட்கார்ந்து மேலாளரிடம் எப்படிப் பேசுவது என்றும் ஒரு பாடம் இல்லை.

இன்னொன்று, பயிற்சிச் செயலி தினமும் இரவு 9 மணிக்கு நினைவூட்டல் அனுப்புகிறது, பயிற்சிப் பாடத்தைத் திறக்கச் சொல்லி. நேரத்தை மாற்ற வழியில்லை, எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை. சேர்ந்தால் முதல் நாளே அதை அணைத்துவிடுங்கள்.