கைதட்ட மனம் வராத ஷோ

பிள்ளைகள் கேட்டார்களே என்று ஒரு கடல் பூங்காவுக்குப் போய்வந்தோம். இருக்கை, சுத்தம், பார்க்கிங் எல்லாம் சரி. ஷோவுக்கு அரைமணி முன்பே போய்க் கண்ணாடி பக்கத்தில் நின்றதுதான் தப்பாகிவிட்டது. ஒரு ஆண் ஓர்கா (கொலைகாரத் திமிங்கலம் என்பார்களே, அது) தொட்டி விளிம்பு சிமென்ட்டைக் கடித்துக்கொண்டே இருந்தது, அதன் பெரிய முதுகுத் துடுப்பு வாடின வாழையிலை மாதிரி ஒரு பக்கமாகத் துவண்டு கிடந்தது. கேட்டால் "விளையாடுது சார்" என்கிறார் ஊழியர். விளையாட்டா அது? கடலில் ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேலேகூட நீந்துகிற பிராணி அது. 2018-ல் ஒரு தாய் ஓர்கா செத்துப்போன குட்டியை 17 நாள் சுமந்துகொண்டே நீந்தியது, அதற்கு மனசே இல்லை என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் டால்பின். "பாருங்க, சிரிக்குது" என்று மைக்கில் கத்துகிறார்கள். அது தாடையின் அமைப்பு, வலித்தாலும் முகம் அப்படியேதான் இருக்கும். மீனைக் காட்டித் தாவப் பழக்கலாம், அதனால் காட்டு விலங்கின் உள்ளுணர்வு போய்விடாது. 1983-ல் ஐஸ்லாந்து பக்கம் பிடிபட்ட 'திலிக்கும்' என்ற ஓர்கா 2010-ல் தன் பயிற்சியாளரையே கொன்றது, அத்தனை வருடப் பழக்கத்துக்குப் பிறகு.

ஐந்துக்கு ஒரு ஸ்டார். அதுவும் பார்க்கிங்குக்கு.