நோட்டுக் கடையா, டவுன் கடையா: கடற்கரை வீட்டு மளிகைக் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டவுன் கடைப் பக்கம். தெருமுனைக் கடையில் நோட்டுப் போட்டு, அதாவது கடனை நோட்டில் எழுதிவைத்து, வாங்குவதைப் பெருமளவு குறைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறை ராமநாதபுரம் போய் ரொக்கத்துக்கு மளிகை எடுக்கத் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மிச்சமும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் "மொத்தமா வாங்குங்க, செலவு குறையும்" என்று மாதச் சம்பளக்காரர்கள் சொல்லும் யோசனை எங்கள் பக்கம் அப்படியே செல்லாது. எதனால் செல்லாது என்பதுதான் இந்த அலசலில் பாதி.

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளி, மண்டபம் என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவில். சாப்பிடுகிறவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர். கைக்குழந்தை உள்ள வீடு, தினமும் மருந்து வாங்கும் வீடு என்றால் கணக்கு வேறாக வரும்.

ரேஷனைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அது எந்தக் கடைக்கும் போட்டி கிடையாது, எல்லாவற்றுக்கும் அடித்தளம். அரிசி விலையில்லாமல் வருகிறது. ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். இரண்டும் சேர்த்து 55. வெளியில் இதே இரண்டுக்கும் 200-ஐத் தாண்டிவிடும். இந்த ஒரு வேலையில் மிச்சமாகும் தொகையை வேறெந்தச் சாமர்த்தியத்தாலும் ஒரே நாளில் மிச்சம் பிடிக்க முடியாது. ஆகவே பருப்பும் எண்ணெயும் வந்துவிட்டது என்று தெரிந்த அன்றே போய்விட வேண்டும். கடல் வேலை செய்த கையில் சில நாள் ரேகை விழாது, அதனால் ரேஷனுக்கு நான்தான் போவது. அரிசியை ஆட்டுக்கும் கோழிக்கும் போட்டுவிட்டுப் பொன்னி அரிசியைக் கடனுக்கு வாங்கும் வீடுகளை எனக்குத் தெரியும். புழுங்கலை நன்றாகக் கழுவி ஊறவைத்தால் இட்லி மாவுக்கும் பழைய சோற்றுக்கும் ஒரு குறையும் இல்லை. அரிசிக்குள் நிறம் கொஞ்சம் மாறித் தெரியும் மணிகளைப் 'பிளாஸ்டிக்' என்று பொறுக்கி எறிகிறார்கள். அவை இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட மணிகள். நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருக்கும். எறிய வேண்டாம்.

சரி, ரேஷன் போக மிச்சத்தை எங்கே வாங்குவது? அங்கேதான் போட்டி.

நோட்டுக் கடையை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பிள்ளையை அனுப்பினால் போதும், பணம் கொடுத்து அனுப்ப வேண்டாம். வட்டி என்று தனியாக எதுவும் எழுதுவதில்லை. இந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது, அது சரக்கின் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எப்போது வரும் என்று தெரியாத பணத்துக்குச் சரக்கு கொடுக்கிறவர், கிலோவுக்குச் சில ரூபாய் கூட வைக்காமல் கடை நடத்த முடியாது.

நமக்கு நஷ்டம் அந்தச் சில ரூபாயில் இல்லை, அளவில் இருக்கிறது. நோட்டுக் கடையில் யாரும் ஒரு கிலோ கேட்பதில்லை. கால் கிலோ பருப்பு, பத்து ரூபாய்க்குப் புளி, ஐந்து ரூபாய் மிளகாய்த்தூள் பாக்கெட் என்றுதான் கேட்போம். ஐந்து, பத்து ரூபாய் பாக்கெட்டுகளில் கம்பெனிக்காரர்கள் விலையை ஏற்றுவதில்லை, உள்ளே இருக்கும் கிராமைக் குறைப்பார்கள். பாக்கெட் மேல் பொடி எழுத்தில் போட்டிருக்கும் எடையைப் பார்த்து, அந்த விலைக்கு ஒரு கிலோ என்ன ஆகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். அப்புறம் இன்னொன்று. பாக்கி நிற்கிற கடையில் எடையைப் பற்றியோ பழைய சரக்கைப் பற்றியோ கேட்க நாக்கு எழாது. அடுத்த கடையில் விலை குறைவு என்று தெரிந்தாலும் அங்கே போய் வாங்கிக்கொண்டு இந்தக் கடை வாசல் வழியாக நடந்து வர முடியாது. கையில் காசு இருக்கும் நாளிலும் நோட்டு நம்மைக் கட்டிப் போடுகிறது.

டவுன் கடை என்று நான் சொல்வது கண்ணாடிக் கதவு போட்ட கடையை அல்ல. மூட்டையைத் திறந்து வைத்து நிறுத்துக் கொடுக்கும் மொத்த மளிகைக் கடை. அங்கே பருப்பு, மல்லி, வற்றல், சீரகம் எல்லாமே உதிரியாக, கம்பெனிப் பெயர் இல்லாமல் கிடைக்கும். 2022 ஜூலையிலிருந்து பெயர் அச்சிட்டுக் கட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, திறந்த மூட்டையிலிருந்து நிறுத்து வாங்கினால் அது இல்லை. (அரிசி மூட்டை திடீரென்று 26 கிலோ ஆனது இதனால்தான். ஆலைக்காரர்கள் நமக்கு ஒரு கிலோ அதிகம் தரவேண்டும் என்று ஆசைப்படவில்லை.)

அங்கே உண்மையான மிச்சம் மசாலாவில். மல்லியும் வற்றலும் மஞ்சளும் வாங்கி வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துக்கொண்டால், மீன் குழம்பு வைக்கிற வீட்டுக்கு அது பெரிய தொகை. எங்கள் மாவட்டத்துக் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான், ஆனால் வாங்கப் போனால் விலை சுடும். சம்பா வற்றலைப் பெரும்பங்கு போட்டு, ருசிக்கு மட்டும் குண்டைச் சேர்த்து அரைக்கிறேன். குழம்பில் யாரும் கண்டுபிடித்ததில்லை. புது வற்றல் மாசி, பங்குனியில் வரத்து கூடும்போதே எடுத்துவிட வேண்டும். சித்திரை பிறந்தால் கையில் காசு இருக்காது, காரணம் கீழே வருகிறது.

போக்குவரத்துதான் முன்பு இடித்தது. 2021-க்குப் பிறகு பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் அந்தச் செலவு போயிற்று. அந்த பஸ் வரும் நேரத்துக்கு நாம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்கிவர முடிந்த அளவே வாங்க வேண்டும் என்பதும் ஒரு விதத்தில் நல்லதே. தக்காளி, முட்டை, பால் எல்லாம் அங்கிருந்து சுமந்து வருவது வீண் வேலை. ஒரு மாதத்துக்கு மேல் சரக்கு வாங்கி வைப்பதும் எங்கள் பக்கம் சரிப்படாது. உப்புக் காற்றில் சீனி கசியும், பொடி கட்டி தட்டும், பருப்பில் வண்டு விழும். எண்ணெய் கேன் நிறைய இருந்தால் ஊற்றுகிற கையும் தாராளமாகிவிடும், அதையும் கவனிக்க வேண்டும்.

இதுவரை படித்தால் டவுன் கடைதான் என்று யாரும் முடிவு கட்டிவிடலாம். அப்படியும் ஏன் எல்லோரும் நோட்டிலேயே இருக்கிறோம்? விவரம் தெரியாததால் இல்லை. டவுன் கடை மொத்தப் பணத்தை ஒரே நாளில் கேட்கிறது, எங்களுக்குப் பணம் அப்படி வருவதில்லை.

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனிதான் கடலுக்குப் போவது. மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. போன படகு மறுநாள் காலை கரை சேர்ந்து, மீன் விலை போய், டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்து மிஞ்சினால்தான் பங்கு. சில நாள் நன்றாக வரும், சில நாள் டீசலுக்கே சரியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் வாரம் முழுக்கப் படகு நங்கூரத்திலேயே கிடக்கும். சம்பளக்காரருக்கு ஒண்ணாம் தேதி என்று ஒரு நாள் இருக்கிறது, எங்களுக்கு அது இல்லை. சில்லறையாக வரும் பணம் சில்லறையாகவே போகும். 200 ரூபாய் கையில் இருக்கிறவர் கால் கிலோதான் வாங்க முடியும், அதனாலேயே அதிக விலையும் கொடுக்கிறார். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் சில்லறையை மொத்தமாக்க வேண்டும். விலை விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்களுக்கு வழி திறந்தது மகளிர் உரிமைத் தொகையால். 2023 செப்டம்பரில் தொடங்கிய அந்த 1,000 ரூபாய், மாதத்தின் நடுவில் ஒரே தொகையாக என் கணக்கில் விழுகிறது. கடல் எப்படி இருந்தாலும் அது வரும். அதை வேறெதற்கும் தொடுவதில்லை, மளிகை முதல் என்று ஒதுக்கிவிட்டேன். கூடவே, பங்கு வரும் நாளில் முதலில் ஒரு தாளை எடுத்து அரிசிப் பானைக்குள் போடுவது. எவ்வளவு என்று கட்டாயம் இல்லை, வந்ததைப் பொறுத்தது. மகளிர் குழுச் சேமிப்பில் போடலாம்தானே என்று மதினி கேட்டார். குழுவில் போட்டால் வேண்டிய அன்றைக்கு எடுக்க முடியாது, எனக்குத் தேவை மாதத்துக்குள் சுற்றி வரும் பணம். உரிமைத் தொகை கிடைக்காத வீட்டில் பானைப் பணம் மட்டும் போதுமா என்றால், உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா பருப்பையும் எண்ணெயையும் மட்டும் இப்படி மாற்றி, மற்றதை நோட்டிலேயே வைத்திருக்கிறார். அவருக்கு அது ஒத்துவருகிறது. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றப் போனால் பழைய பாக்கியும் அடைக்க வேண்டும், புதுச் சரக்குக்கும் காசு வேண்டும், இரண்டும் நடக்காது. நாங்களும் ஒவ்வொரு சாமானாகத்தான் நோட்டிலிருந்து எடுத்தோம். மசாலா முதலில், அடுத்து பருப்பு, கடைசியாக எண்ணெய்.

இனி நோட்டுக் கடை ஜெயிக்கும் இடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு நகராது. நிவாரணம் 5,000-லிருந்து 8,000 ஆக உயர்ந்திருக்கிறது, நல்லதுதான். 61 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 131 ரூபாய். அதே சமயம் பள்ளி விடுமுறை, பிள்ளைகள் மூன்று வேளையும் வீட்டில். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டியவர்களுக்கு அது 4,500 ஆகத் திரும்ப வரும், கட்டாதவர்கள் கட்டிவிடுங்கள். இத்தனை இருந்தும் அந்த இரண்டு மாதம் டவுன் கடை எங்களுக்கு உதவாது. அங்கே முகம் தெரியாது, கடன் கிடையாது. தெருமுனைக் கடைக்கார அண்ணன்தான் கொடுப்பார். தடைக்கு முன்பே காரல் மீனும் சூடை மீனும் மலிவாகக் கிடைக்கும்போது கருவாடு போட்டு வைத்துக்கொள்கிறேன், வற்றல் ஏற்கெனவே அரைத்திருக்கும். அப்படியும் நோட்டு இல்லாமல் ஜூன் நகராது.

சூப்பர் மார்க்கெட்டுக்கு நான் போவது குறைவு, அதனால் தீர்ப்புச் சொல்லவில்லை. சீனி விலையில் தள்ளுபடி போட்டு பிஸ்கட்டை எடுக்கவைக்கும் இடம் அது, பிள்ளைகளைக் கூட்டிப்போகாமல் இருந்தால் சோப்பும் துணித்தூளும் அங்கே லாபமாகக் கிடைக்கலாம். போனில் ஆர்டர் போடுவது எங்கள் தெருவில் மளிகைக்கு இன்னும் பழக்கமாகவில்லை.

அதனால் நோட்டை நான் மூடவில்லை. முட்டை, பால், பச்சை மிளகாய், அவசரத்துக்கு ஒரு தேங்காய் எல்லாம் இன்றும் அங்கேதான், பங்கு வந்ததும் பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். அரிசி மூட்டை வேண்டியிருந்தாலும் அவரிடமே வாங்குவது. 26 கிலோவைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது, ஆட்டோ வாடகையைச் சேர்த்தால் டவுன் விலையும் அவர் விலையும் ஒன்றாகிவிடுகிறது. வாங்குவதைக் குறைத்தது அவருக்குத் தெரியாமல் இல்லை. "டவுனுக்குப் போயிட்டு வந்தியாம்மா" என்று ஒருமுறை கேட்டார். ஆமாண்ணே என்றேன். பாக்கி சுத்தமாக இருந்ததால் பேச்சு அதோடு நின்றது, அடுத்த தடைக்காலத்துக்கும் நோட்டில் பக்கம் இருக்கிறது.