தூளியா, குட்டிக் கட்டிலா, பாயில் பக்கத்திலா?

மூத்தவன் தூளியில் வளர்ந்தான். இளையவளுக்குக் கம்பி அடைத்த குட்டிக் கட்டில், அதாவது கடைக்காரர் சொல்லும் ‘பேபி காட்’. நடுராத்திரிக்குப் பிறகு இரண்டு பேரும் எப்படியோ என் பக்கத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். ஆக மூன்றையும் பார்த்தாயிற்று. “எது நல்லதுக்கா?” என்று தங்கை கேட்டபோது, “உன் பிள்ளைக்கு எத்தனை மாசம்?” என்று திருப்பிக் கேட்டேன். ஒரு மாதக் குழந்தை தூங்குகிற விதமே வேறு, ஐந்து மாதக் குழந்தை தூங்குகிற விதமே வேறு. அதைப் பார்க்காமல் மூன்றுக்கும் மார்க் போட முடியாது.

தூங்க வைக்க: தூளிதான்

முதல் மூன்று மாதம் தூளிக்குப் போட்டியே இல்லை. பிறந்த குழந்தை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் எல்லாம் துண்டு துண்டாக. ராத்திரி வந்ததை உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் அதற்குச் சொந்தமாக ஒழுங்காகச் சுரக்கவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். “பகலையும் ராத்திரியையும் மாத்திக்கிச்சு” என்று நாம் புலம்பும் காலம் இது. உண்மையில் மாற்றிக்கொள்ள அதனிடம் இன்னும் பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை. எந்தத் தூளியும் எந்தக் கட்டிலும் இதைச் சரிசெய்யாது. பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து, ராத்திரிப் பால் கொடுக்கும்போது டியூப் லைட் போடாமல் இருந்தால் கொஞ்சம் உதவும்.

இந்த வயதில் குழந்தையைச் சமதளத்தில் கிடத்தினால் கை இரண்டையும் விரித்துத் திடுக்கிட்டு எழும். தூளித் துணி அணைத்துப் பிடிப்பதால் அந்தத் திடுக்கிடல் அடங்கிவிடும். ஆட்டத்துக்கும் தனி சக்தி உண்டு. ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பெரியவர்களையே ஆடும் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள்: சீக்கிரம் தூங்கினார்கள், ஆழ்ந்த தூக்கமும் கூடியது. நம் ஆயாக்களுக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை. பழைய வாயில் புடவையும் ஒரு கொக்கியும் போதும்.

தூளியில் நான் கண்ட முதல் குறை, குழந்தையின் முகம் தெரியாதது. பச்சைக் குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, மூளை சுறுசுறுப்பாக இருக்கும் தூக்கம். சிரிக்கும், முகம் சுளிக்கும், முனகும், கால் உதைக்கும். சிரித்தால் ‘நரி விளையாட்டுக் காட்டுது’, அழுதால் ‘நரி மிரட்டுது’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். வெளியிலிருந்து முனகல் மட்டும் கேட்டு, விழித்துவிட்டான் என்று நினைத்து நான் தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கட்டிலில் கிடந்த இளையவளைப் பார்த்தபோதுதான் புரிந்தது: கண் மூடியே இருக்கிறது, இரண்டு நிமிஷம் விட்டால் தானே அடங்குகிறது.

பாதுகாப்பு: இங்கே தூளி தோற்கிறது

இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். “நீங்க எல்லாரும் தூளியில வளர்ந்தவங்கதானே?” என்பார் மாமியார். ஆமாம், அத்தை. ஆனாலும் பச்சைக் குழந்தைக்குத் தலை கனம், கழுத்து நிற்காது. வளைந்த துணியில் முகவாய் நெஞ்சில் மடிந்து படிந்தால் மூச்சுக்குழல் நெரிபடும். சத்தம்கூட வராது. அமெரிக்காவில் சாய்வான குழந்தைப் படுக்கை ஒன்றில் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தது தெரியவந்ததும், 2019-இல் சுமார் 47 லட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள். 2022-இல் 10 டிகிரிக்கு மேல் சாய்வுள்ள குழந்தைப் படுக்கைகளைச் சட்டம் போட்டே தடுத்தார்கள். நம் தூளியின் வளைவு எத்தனை டிகிரி என்று நான் அளக்கவில்லை. அளக்கத் தேவையும் இல்லை.

அதே 2022-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் திரும்பவும் சொன்னது: மல்லாக்கப் படுக்க வை, கெட்டியான சமதளத்தில் வை, தலையணை, போர்வை, பொம்மை வேண்டாம், முதல் ஆறு மாதமாவது பெற்றோர் படுக்கும் அறையிலேயே வை. குட்டிக் கட்டில் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். மல்லாக்கவே படுத்தால் பின்னந்தலை தட்டையாகும் என்ற அத்தையின் கவலையிலும் உண்மை உண்டு. விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருந்து, குப்புறப் போட்டு விளையாட விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நாலாம் மாதக் கணக்கு

எனக்கு நிஜமான பாடம் இங்கேதான் கிடைத்தது. மூன்று, நான்கு மாதம் வரும்போது தூக்கத்தின் கட்டமைப்பே மாறுகிறது. ஆழமான தூக்கம், லேசான தூக்கம் என்று சுற்றுச் சுற்றாக வரும். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குழந்தை அரைகுறையாக விழிக்கும். தூங்கப்போனபோது இருந்த நிலைமையே அப்போதும் இருந்தால் மறுபடி தூங்கிவிடும். ஆடிக்கொண்டே தூங்கிய பிள்ளை விழித்துப் பார்க்கும்போது தூளி நின்றிருந்தால்? வீறிட்டு அழும்.

மூத்தவனுக்கு அப்படித்தான். தூளியில் கயிறு கட்டி, மறுமுனையை என் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு கீழே பாயில் படுத்திருப்பேன். அழுகை கேட்டதும் கண்ணைத் திறக்காமலே கால் ஆடும். ஒரு நாள் காலையில் விரல் கன்றிப்போயிருந்தது. மோட்டார் வைத்த ஸ்பிரிங் தூளி வாங்கலாம் என்றார் கணவர். அது என் காலைக் காப்பாற்றியிருக்கும். பிள்ளையின் பழக்கத்தை இன்னும் கெட்டியாக்கியிருக்கும்.

இளையவளைக் கண் சொக்கும்போதே கட்டிலில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். முதல் வாரம் படுத்தி எடுத்தாள், பிறகு பழகிவிட்டாள். போய்ச் சமாதானப்படுத்தும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அழ விடும் முறையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 2016-இல் 43 குழந்தைகளிடம் செய்த சிறிய ஆய்வில், அதனால் குழந்தையின் மன அழுத்தமோ தாயோடு உள்ள ஒட்டுதலோ கெட்டதாகத் தெரியவில்லை. எனக்கு மனசு வரவில்லை. வந்திருந்தாலும், எங்கள் அபார்ட்மென்டில் பத்து நிமிஷம் பிள்ளை அழுதால் எதிர்வீட்டுப் பாட்டி வந்து பெல் அடிப்பார்.

பாயில் பக்கத்தில்

தாய்க்கு ஓய்வு என்று பார்த்தால் இதுதான் முதலிடம். சிசேரியன் தையலோடு ராத்திரி மூன்று முறை எழுந்து தூளிக்குள் குனிந்து தூக்கியவர்களுக்கு அது தெரியும். ஆனால் காரணம் தெரியாத திடீர் சிசு மரணங்கள் அதிகம் நடப்பது இரண்டு முதல் நான்கு மாதத்தில். மெத்தை, கம்பளி, இரண்டு பக்கமும் தலையணை, நடுவில் குழந்தை என்று படுப்பது அந்த வயதில் ஆபத்து. குறைப்பிரசவக் குழந்தை என்றாலோ, வீட்டில் யாராவது புகை பிடித்தாலோ, பக்கத்தில் படுப்பவர் குடித்திருந்தாலோ, இந்த யோசனையே வேண்டாம். சோபாவில் சாய்ந்து பால் கொடுத்தபடி கண் அசருவது இதைவிட மோசம். தாயின் பாய்க்குப் பக்கத்திலேயே தனிப் பாய், அதன்மேல் மெல்லிய விரிப்பு என்பது எனக்குச் சரிப்பட்ட நடுவழி. ஒரு வயது தாண்டிய பிறகு கூடப் படுப்பதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்தின் வசதி.

நான் செய்தது

இளையவளுக்குப் பகலில், என் கண்ணெதிரே, கொஞ்ச நேரம் தூளி. தூங்கியதும் எடுத்துக் கட்டிலில் போடுவது. ராத்திரி படுக்க வைப்பது எப்போதும் கட்டிலில். குப்புற விழ ஆரம்பித்த அன்றே தூளிக்கு விடை, ஏனென்றால் உருளத் தெரிந்த பிள்ளை தூளியிலிருந்து விழவும் செய்யும். செலவுக் கணக்கில் கட்டிலுக்குத் தோல்விதான். ஒன்றரை வயதில், பகல் தூக்கம் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்த சமயத்தில், இளையவள் கம்பியில் கால் வைத்து ஏறக் கற்றுக்கொண்டாள். அதோடு அது காய்ந்த துணி போடும் இடமாகிவிட்டது.

தூளியை அவிழ்த்ததும் புடவையை மடித்து அலமாரிக்குள் வையுங்கள். சும்மா தொங்கும் தூளி மூத்த பிள்ளைகளுக்கு ஊஞ்சல். உள்ளே உட்கார்ந்து முறுக்கிச் சுற்றி விளையாடும்போது கழுத்தில் இறுகிப் பிள்ளைகள் இறந்த செய்தி பேப்பரில் அவ்வப்போது வருகிறது. அவர்களில் பலர் பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகள்.