தனி கார்டா, இன்பில்ட்டே போதுமா?

சொந்தக்காரப் பையன் ஒருவன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய பத்தாம் நாள் போன் செய்தான். "அண்ணே, கேம் திக்கித் திக்கி ஓடுது. கிராபிக்ஸ் கார்டு வாங்கியே ஆகணும்போல." ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசசர் போட்ட மெஷின், கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இன்பில்ட்டாக உண்டு. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்காக இருந்தது, பக்கத்து ஸ்லாட் காலி. அதே மாதிரி இன்னொன்று வாங்கிப் போட்டோம். வாலரன்ட் கேம் தடங்கலில்லாமல் ஓட ஆரம்பித்தது. கார்டுப் பேச்சு கொஞ்ச நாளைக்கு அடங்கியது.

தனி கார்டையும் இன்பில்ட் கிராபிக்ஸையும் ஒப்பிடுகிறவர்கள் சிப்பின் பலத்தைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் பாதி விஷயம் மெமரியில் இருக்கிறது. இன்பில்ட் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. பிராசசரோடு ராமைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். டிடிஆர்4 3200 ராம் ஒரு ஸ்டிக் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி தரவு போய் வரலாம். இரண்டு போட்டால் 51.2. 2019இல் வந்து இன்றைக்குக் கிழடாகிவிட்ட, என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 கார்டில்கூட அது 128. ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி மாடலில் 360. அதுவும் பிராசசருக்குப் பங்கு தராமல், முழுக்கத் தனக்கே. இன்டெல் லேப்டாப்களில் இது பெயரிலேயே தெரியும்: ராம் ஒற்றைச் சேனலில், அதாவது ஒரே ஸ்டிக்காக, இருந்தால் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று காட்ட வேண்டிய இடத்தில் வெறும் 'யுஎச்டி' என்று காட்டும்.

சரி, ராமைச் சரி செய்தாயிற்று. இன்பில்ட் எதுவரை தாங்கும்? வாலரன்ட், ஜிடிஏ 5 போன்றவற்றை அமைப்புகளைக் கொஞ்சம் குறைத்து 5600ஜியில் நிம்மதியாக ஆடலாம். சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேம் வேண்டுமென்றால் தனி கார்டுதான். 2024இல் வந்த ரைசன் 7 8700ஜியின் கிராபிக்ஸ் அந்தப் பழைய 1650ஐ நெருங்குகிறது, உண்மை. ஆனால் வந்தபோது அதன் விலை 329 டாலர். அந்தக் காசுக்கு மலிவான பிராசசரும் சுமாரான கார்டும் வாங்கிவிடலாம். கார்டு நுழையாத குட்டிக் கேபினட் கட்டுகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

"இப்போ இன்பில்ட் உள்ள ஜி மாடல் வாங்கிக்கலாம், கார்டு அப்புறம் போட்டுக்கலாம்" என்பது பலருடைய கணக்கு. அதில் ஒரு சின்ன நஷ்டம் உண்டு. இன்பில்ட் இல்லாத சாதாரண 5600இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன மெமரி) 32 எம்பி, 5600ஜியில் 16தான். கார்டு பிராசசரோடு பேசும் பிசிஐஇ பாதையும் 4.0க்குப் பதில் பழைய 3.0. ஒரே கார்டைப் போட்டாலும் ஜி கொஞ்சம் பின்தங்கும். மறுபக்கம், 5600இல் கார்டு செத்தால் திரையே வராது. ஜியில் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடரலாம்.

கார்டுதான் எப்போதும் உசத்தி என்று நினைப்பவர்கள் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களிடம் பேசிப் பார்க்க வேண்டும். சோனி ஏ7 IV போன்ற கேமராக்கள் நிற விவரம் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 எச்.265 வகை வீடியோ தருகின்றன. அதை டைம்லைனில் தடையில்லாமல் ஓட்டுவது 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் பிராசசர்களின் இன்பில்ட் கிராபிக்ஸ். என்விடியா அந்த வசதியை 2025இன் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் கொண்டுவந்தது. 3060, 4090 எதிலும் அது இல்லை. சில நூறு, ஆயிரம் மிச்சமாகிறதென்று பெயரின் கடைசியில் 'எஃப்' உள்ள இன்டெல் பிராசசரை வாங்கினால் இந்த வசதி போச்சு. எஃப் என்றாலே இன்பில்ட் கிராபிக்ஸ் கிடையாது.

மின்சாரக் கணக்கும் உண்டு. 5600ஜி மொத்தமே 65 வாட் வகை. 3060 கார்டு மட்டும் 170 வாட் கேட்கும். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் சாதாரணமாக 360 வாட் தாங்கும். இவற்றோடு மானிட்டரும் மற்ற பாகங்களும் சேர்ந்தால் கேம் நடுவில் அந்த எல்லையை நெருங்கலாம். லேப்டாப்பில் வேறொரு சிக்கல்: ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலும் விற்கிறார்கள், 115 வாட்டிலும் விற்கிறார்கள். ஸ்டிக்கரை நம்பாமல் வாட் எத்தனை என்று கேளுங்கள்.

வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் கதை தலைகீழாகிறது. கார்டில் 12 ஜிபி மெமரி இருந்தால், மாடல் அந்த 12க்குள் அடங்கினால்தான் வேகம். ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ்+ 395 போட்ட மெஷினில் 128 ஜிபி ராம் வைத்து அதில் 96 ஜிபியைக் கிராபிக்ஸுக்கு ஒதுக்கலாம். மெமரி வேகம் நொடிக்கு 256 ஜிபி, 3060ஐவிடக் குறைவு. ஆனால் 3060இல் ஏறவே ஏறாத மாடல் இதில் ஏறும்.

அந்தப் பையன் இப்போது பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைக் கற்றுக்கொள்கிறான். அதன் சைக்கிள்ஸ் ரெண்டர் என்விடியா கார்டை நன்றாக வேலை வாங்கும் என்பதால் இந்தத் தடவை நானே 3060 வாங்கச் சொன்னேன். மாட்டிய அன்று ராத்திரியே போன். "அண்ணே, கேம் முன்னாடி மாதிரியேதான் ஓடுது." கேபிள் எங்கே செருகியிருக்கிறாய் என்று கேட்டேன். மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டிலேயே விட்டிருந்தான்.