ஸ்டான்வெல் பார்க் ஹேங் கிளைடிங்: காற்றுக்காகக் காத்திருக்கச் சொல்கிறவரிடம் போங்கள்

சிட்னிக்கு வருகிறவர்கள் ஸ்கைடைவிங் எங்கே நல்லது என்று என்னிடம் கேட்காமல் போவதில்லை, ஆனால் ஹேங் கிளைடிங் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நகரத்திலிருந்து தெற்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் ஸ்டான்வெல் பார்க் வரும். ஊருக்கு வடக்கே, கடலைப் பார்த்து நிற்கும் குன்றுக்குப் பால்ட் ஹில் என்று பெயர், உயரம் சுமார் 300 மீட்டர். அங்கிருந்து தேர்ந்த பைலட்டோடு ஒரே இறக்கையில் தொங்கிக்கொண்டு, கடலோர மலைச்சரிவை ஒட்டியே தெற்கே பறந்துவிட்டு வரலாம். டேண்டம் பறப்பு என்கிறார்கள். நான் போன நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, கீழே ஒரு குறையும் சொல்லப்போகிறேன் என்பதால்.

எனக்கு அவர்களிடம் மிகவும் பிடித்தது, முதலில் பதிவு செய்திருந்த நாளில் என்னை வரவேண்டாம் என்று சொன்னதுதான். நல்ல வெயில், மேகமே இல்லை, வீட்டிலிருந்து பார்த்தால் பறப்பதற்கென்றே விடிந்த நாள் மாதிரி இருந்தது. காலையில் பைலட்டே போன் செய்தார். காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது, குன்றின் முகமோ தென்கிழக்கே, கூட்டிப்போனால் சில நிமிடங்களில் கடற்கரையில் இறங்கிவிடுவோம், அந்தப் பறப்புக்கு உங்களிடம் காசு வாங்க எனக்கு மனமில்லை என்றார். வேறொரு நாளுக்கு மாற்றிக்கொண்டோம், கூடுதல் கட்டணம் கேட்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் பறப்பின் மொத்த மதிப்பும் காற்றின் திசையில்தான் இருக்கிறது. ஹேங் கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. காற்றுக்குள் அது எப்போதும் கீழேதான் இறங்கிக்கொண்டிருக்கும், நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். கடலிலிருந்து வரும் காற்று மலைச்சுவரில் நேராக மோதினால் போக வேறு வழியில்லாமல் மேலே திரும்புகிறது. அப்படி எழும்பும் வேகம் இறக்கை இறங்கும் வேகத்தைவிட அதிகமாக இருந்தால் கிளைடர் தங்கும், ஏறவும் செய்யும். மலை எவ்வளவு தூரம் நீள்கிறதோ அவ்வளவு தூரம் அந்த மேலெழும் காற்றின் மீதே போகலாம். காற்று பக்கவாட்டில் அடித்தால் இதெல்லாம் இல்லை, மேலிருந்து கீழே ஒரு சறுக்கல், அவ்வளவுதான். அதையும் அதே விலைக்கு விற்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அதனால் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்: காற்று சரியில்லாவிட்டால் தேதியை மாற்றித் தருவீர்களா, இல்லை எப்படியும் பறக்கவைத்து அனுப்பிவிடுவீர்களா?

சரி, பறப்புக்கு வருகிறேன். தென்கிழக்குக் காற்று சீராக வந்த நாள். உடம்பைத் தாங்கும் வார்ப்பட்டையான ஹார்னஸை மாட்டி, அதன் காராபினர் என்கிற பூட்டுக் கொக்கியை இறக்கையில் கோத்து, பூட்டிவிட்டோமா என்று பைலட் ஒரு முறை பார்த்தார், பிறகு எங்கள் இருவரையும் தரைக்கு மேலே தொங்கவிட்டு உயரம் சரியா என்று மறுபடி பார்த்தார். கோக்க மறந்து ஓடிவிடுவதுதான் இந்த விளையாட்டின் மிகப் பழைய ஆபத்து என்பதால் அந்தச் சோதனையில் அவர் காட்டிய பொறுமை எனக்குப் பெரிய தைரியம். அப்புறம் புல்சரிவில் நாலைந்து எட்டு ஓட்டம். குதிக்கவே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே கால் தரையை விட்டுவிடுகிறது, வயிற்றைப் புரட்டும் உணர்வு எதுவும் இல்லை.

குன்றுக்கு முன்னால் இங்குமங்கும் போய் முதலில் உயரம் சேர்த்தார். காரணம், தெற்கே போவதற்கு ஸ்டான்வெல் பார்க் ஊர் இருக்கும் பள்ளத்தைத் தாண்டியாக வேண்டும், பள்ளத்துக்கு மேல் நம்மைத் தூக்கும் காற்று இருக்காது. அந்த இடைவெளியில் இறக்கை மெல்ல இறங்குவது நன்றாகத் தெரிந்தது, கீழே ஓட்டுக்கூரைகள், செங்கல்லில் கட்டிய உயரமான ரயில் பாலம், மரங்கள். கோல்கிளிஃப் ஊர்ப் பக்கத்து மலைச்சுவரை எட்டியதும், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோ கருவி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது, மறுபடி ஏறினோம். ஊர் தாண்டி ஊர் போகும் பறப்பு என்றால் என்ன என்பது எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது: ஏறி, சேர்த்த உயரத்தைச் செலவழித்து, அடுத்த மலைமுகத்தில் மறுபடி சம்பாதிப்பது.

பாறையில் நிலக்கரி அடுக்கு கறுப்புக் கோடாக ஓடுவதை அங்கே பார்க்கலாம், கோல்கிளிஃப் என்ற பெயரே அதனால்தான். 1797இல் கல்கத்தாவிலிருந்து வந்து உடைந்துபோன சிட்னி கோவ் என்ற கப்பலின் ஆட்கள் 17 பேர் இந்தக் கரை வழியாகவே சிட்னியை நோக்கி நடந்தார்கள், அதில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். பிழைத்தது மூன்றே பேர். இந்த நிலக்கரியைப் பற்றிச் சிட்னிக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான். கீழே அலையும் பாறையும் தவிர வேறு வழியில்லாத அந்தக் கரையை மேலிருந்து பார்க்கும்போது அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதற்கடுத்து சீ கிளிஃப் பாலம். பாறைச் சரிவுகளால் 2003இல் பழைய மலைச்சாலையை மூடிவிட்டார்கள், 2005இல் மலையை விட்டு விலகிக் கடலுக்கு மேலேயே வளைந்து போகும் 665 மீட்டர் பாலத்தைத் திறந்தார்கள். கற்களை உதிர்த்துச் சாலையைத் துரத்திய அதே செங்குத்துச் சுவர்தான் எங்களைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஸ்கார்பரோ, வோம்பாரா என்று கரையோர ஊர்கள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. இன்னும் தெற்கே, திரூல் தாண்டிப் போகப்போக மலை கடலை விட்டு உள்ளே ஒதுங்குகிறது, நடுவில் சமவெளி அகலமாகிறது. அங்கே இறங்க இடம் நிறைய, ஆனால் தூக்கும் காற்றைத் தேடிப் போக வேண்டும். எங்கள் பைலட் அவ்வளவு தூரம் போகாமல் திருப்பினார். இரண்டு பேர் எடையோடு, திரும்பும் வழிக்கு உயரம் மிச்சம் வைத்துக்கொள்வதுதான் சரி.

திரும்பும்போது கம்பியை என் கையில் கொடுத்தார். முன்னால் இருக்கும் முக்கோணச் சட்டத்தின் அடிக்கம்பிதான் எல்லாமே. நம் பக்கம் இழுத்தால் வேகம் கூடும், தள்ளினால் குறையும், உடம்பை வலது பக்கம் நகர்த்தினால் வலது பக்கம் திரும்பும். இந்தச் சட்டத்தை இப்படி அமைத்தவர் ஜான் டிக்கன்சன், இதே நியூ சவுத் வேல்ஸின் கிராஃப்டன் ஊர்க்காரர். 1963இல் தண்ணீரில் படகு இழுத்துப் பறக்க அவர் செய்த முதல் இறக்கைக்கு, வாழைத்தாரை மூடும் பிளாஸ்டிக் தாளைத்தான் துணியாகப் போட்டார். அதற்கும் முன்னால், 1894 நவம்பரில், லாரன்ஸ் ஹார்கிரேவ் இதே ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில் தானே கண்டுபிடித்த பெட்டி வடிவக் காற்றாடிகள் நான்கைக் கட்டிக்கொண்டு ஐந்து மீட்டர் அளவுக்கு மேலே போனார். தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்க மறுத்த மனிதர். குன்றின் மேல் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. பலர் அதைப் படிக்காமலே படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், நீங்கள் நின்று படியுங்கள்.

இப்போது குறை. படமும் வீடியோவும் தனிக் கட்டணம், அது பரவாயில்லை. ஆனால் வீடியோவில் பாதிக்கு மேல் இறக்கையின் நிழலும் என் ஹெல்மெட்டும்தான், பாலம் வரும் இடத்தில் கேமரா நின்றுவிட்டது. சொன்னபோது பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரலாமா என்றுகூட அவர்கள் கேட்கவில்லை, மன்னிப்போடு நிறுத்திக்கொண்டார்கள். படம் வாங்க வைத்திருக்கும் காசுக்கு நல்ல மதிய உணவு சாப்பிடுங்கள் என்பதே என் கருத்து. ஹார்னஸ் தோள்பட்டையும் உயரமானவர்களுக்கு அழுத்தும், புறப்படும் முன்பே தளர்த்தச் சொல்லுங்கள். மேலே போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா என்று தயங்குகிறவர்களுக்கு: அன்று ஊரிலிருந்து வந்திருந்த என் சித்தப்பாவும் பறந்தார். முழங்கால் வலி உள்ளவர். பைலட் அவரைத் தன் பக்கத்தில் சேர்ந்து ஓடவைத்துப் பார்த்துவிட்டு, காற்று இன்னும் கொஞ்சம் பலமாகட்டும், அப்போது இரண்டு எட்டு போதும் என்று காத்திருக்கச் சொன்னார். "காத்திருப்போம்டா, அவசரம் என்ன" என்று சித்தப்பா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பிற்பகலில் காற்று கூடியதும் அழைத்தார்கள். கடற்கரைப் புல்வெளியில் அடிக்கம்பியிலுள்ள சக்கரங்களின் மேல் படுத்தவாக்கிலேயே இறங்குவதால் முழங்காலுக்கு வேலையே இல்லை. இதயநோயோ முதுகு அறுவை சிகிச்சையோ இருந்தால் மறைக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள். உடல் எடையையும் உள்ளபடியே சொல்லுங்கள், எந்த இறக்கையை எடுப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

காசு கணிசமாகத்தான் ஆகும், காற்றில் இருப்பது அரை மணி நேரத்துக்குள்தான். எனக்கு அது தகும், இன்னொரு முறையும் கொடுப்பேன். பயணத் திட்டத்தின் கடைசி நாளில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். வந்த முதல் வாரத்திலேயே பதிவு செய்து, தள்ளிப்போக இரண்டு மூன்று நாள் இடம் விட்டு வையுங்கள். உள்ளே ஒரு மெல்லிய ஸ்வெட்டர், கயிறு கட்டும் ஷூ, கண்ணாடி போடுகிறவர் என்றால் அதற்கு ஒரு வார். ஸ்டான்வெல் பார்க் ரயில் நிலையத்திலிருந்து குன்றுக்கு ஏற்றம் அதிகம், கார் இல்லாதவர்கள் கீழேயிருந்து கூட்டிப்போக முடியுமா என்று நிறுவனத்தையே கேளுங்கள், எங்களை அப்படித்தான் கூட்டிப்போனார்கள்.